மாமியார் வீட்டுக்குப் பயந்தவன்

ஒரு பழைய வழக்கில் சாட்சி சொல்ல எனக்குச் சம்மன் வந்திருந்தது. போலீஸ்காரிக்கு ஓய்வு கிடைத்தாலும் அவள் எழுதிய வழக்குகளுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. அந்த விஷயமாக ஆரணியில் நான் வேலை பார்த்த ஸ்டேஷனுக்குப் போனபோது, மாடியில் ஒரு புது அறையைக் காட்டினார்கள். சுவர் முழுக்கத் திரைகள். பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், கோட்டை மைதானம், பட்டுக்கடைத் தெரு எல்லாம் அதில் ஓடிக்கொண்டிருந்தன.

"யார் எந்தச் சந்துல எச்சி துப்புனாலும் தெரிஞ்சிடும் மேடம்" என்று பெருமையாகச் சொன்னாள் அங்கே உட்கார்ந்திருந்த பெண் காவலர். பிறகு கேட்டாள்: "இதெல்லாம் இல்லாத காலத்துல நீங்கல்லாம் எப்படி மேடம் திருடனைப் புடிச்சீங்க?"

"திருடனை வெச்சுத்தான்" என்றேன்.

அவள் ஜோக் என்று நினைத்துச் சிரித்தாள். அது ஜோக் இல்லை. அவன் பெயர் ஏழுமலை.

வெம்பாக்கம் பக்கத்தில் கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து போலீசுக்கு வந்தவள் நான். பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓடினோம், விழுந்தோம், எழுந்து மறுபடி ஓடினோம். துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தார்கள். வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு காக்காயைக்கூடச் சுடவில்லை. எதிரே இருப்பவன் வாயைத் திறக்கும்வரை சும்மா உட்கார்ந்திருப்பது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. அதை நான் கற்றது இன்ஸ்பெக்டர் தயாளன் அய்யாவிடம்.

அப்போது நான் ஏட்டு. குற்றப் பிரிவில் இருந்த ஒரே பெண். தயாளன் அய்யா யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. சத்தம் போட்டும் பார்த்ததில்லை. மேசைமேல் ஒரு செய்தித்தாளை விரித்து வேர்க்கடலையைக் கொட்டி வைத்துக்கொள்வார். பிடித்து வந்தவனை "வாங்க, உக்காருங்க" என்பார். போலீஸ் ஸ்டேஷனில் "வாங்க" என்று கேட்டதுமே பாதிப் பேர் உட்காரவே பயப்படுவார்கள். அவர் ஒவ்வொரு கடலையாக உடைத்து, தோலை ஊதி, வாயில் போட்டுக்கொள்வார். அவன் ஏதாவது சொல்வான். "அப்புறம்?" என்பார். அவன் இன்னும் கொஞ்சம் சொல்வான். "அப்புறம்?" அவ்வளவுதான் அவருடைய விசாரணை. கடலை தீர்வதற்குள் வழக்கு தீர்ந்துவிடும்.

ஏழுமலை எங்களிடம் அகப்பட்டது ஒரு மின்தடை நாளில். மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துவார்கள். அன்று விசைத்தறிக் கொட்டகைகளில் ஆள் இருக்காது. ஒயரைத் தொட்டாலும் ஷாக் அடிக்காது. தாமிரக் கம்பி திருடுகிறவனுக்கு அதைவிட நல்ல நாள் ஏது? ஒரு கொட்டகையின் சுவரில் சாத்தியிருந்த ஏணியைப் பார்த்தான், கூரைமேல் ஏறிவிட்டான். அதே நேரம் பக்கத்துச் சாயப்பட்டறைக்காரர், நூல் உலர்த்தக் கொம்பு கட்டுவதற்காக, தன்னுடைய ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏழுமலைக்குப் பட்டப்பெயர் பல்லி. எந்தச் சுவரிலும் ஏறுவான். ஆனால் அவனுக்கு இறங்கத் தெரியாது. உயரத்திலிருந்து கீழே பார்த்தால் தலை சுற்றும். அதற்கு முன்பு அகப்பட்டதும் அப்படித்தான், ஒரு தென்னை மரத்தில். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் உட்கார்ந்து, காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறான். கடைசியில் தானே கத்தியிருக்கிறான்: "யாராவது போலீசக் கூப்புடுங்க! கால் வேவுது!"

வேறொரு ஏணி கொண்டுபோய் நாங்கள்தான் இறக்கினோம். இறங்கும்போது என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "கீழ பாக்க வேணாம்னு சொல்லுங்க மேடம்" என்றான்.

தயாளன் அய்யா முன்னால் உட்கார வைத்தோம். இரண்டு "அப்புறம்"கூடத் தாங்கவில்லை. தென்னை மரம், சைக்கிள், கோயில் வாசல் செருப்பு என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டான்.

"சார், இன்னா வேணா பண்ணுங்க. மாமியார் வூட்டுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க சார்."

அய்யா ஒரு கடலையை உடைத்தார். "வேலூர் ஜெயில்ல இப்ப சாப்பாடு நல்லா போடறாங்கன்னு சொல்றாங்களே."

"ஜெயிலச் சொல்லல சார். நெஜ மாமியார் வூடு! நான் உள்ள போய்ட்டேன்னா என் பொஞ்சாதி பொண்ணக் கூப்டுகினு அவங்கம்மா வூட்டுக்குப் பூடுவா. வெளிய வந்து அங்க போய்த்தான் நான் கூப்புட்டாவணும். அந்தம்மா வாசப்படியில நின்னுகினு கேக்கற கேள்விக்கு, என்னைத் தூக்குலயே போட்டுடலாம் சார்."

அந்த மாமியார் முனியம்மா, செய்யாறு பக்கம் கம்பெனி கேட் எதிரில் இட்லிக்கடை வைத்திருப்பவர். ஷிப்ட் மாறும் நேரத்தில் அத்தனை கூட்டத்தையும் ஒற்றை ஆளாக, ஒற்றைக் கரண்டியோடு சமாளிப்பவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

கொட்டகை உரிமையாளர், பொருள் எதுவும் போகவில்லை, கோர்ட்டுக்கு அலைய என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டார். அய்யா யோசித்தார். இவனை உள்ளே தள்ளினால் இன்னும் நாலு வித்தை கற்றுக்கொண்டு வருவான். ஆகவே ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்தி நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கினோம். ஒரு வருடம் எந்தத் தப்பும் செய்யமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும்; மீறினால், மிச்சமிருக்கும் காலத்துக்கு நேராகச் சிறை. வெளியே வந்ததும் அய்யா அவன் தோளில் கை போட்டார்.

"ஏழுமலை, உனக்குத் தெரியாத திருட்டுப்பய இந்தச் சுத்து வட்டாரத்துல உண்டா?"

"இல்லீங்க சார்."

"பல்லின்னு பேரு வெச்சிருக்க. பல்லின்னா சொல்லணுமில்ல?"

அப்படித்தான் அவன் எங்கள் ஆள் ஆனான்.

இதற்கென்று சில முறைகள் உண்டு. தகவல் தருகிறவன் ஸ்டேஷன் படி ஏறக் கூடாது. தெருவில் பார்த்தால் அவனும் வணக்கம் வைக்கக் கூடாது, நாமும் சிரிக்கக் கூடாது. அவன் பெயரை எந்தத் தாளிலும் எழுதக் கூடாது. 'நம்பத்தகுந்த இரகசியத் தகவல் கிடைத்ததன் பேரில்' என்று மட்டும்தான் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் ஒரே இடத்தில் நிற்பதற்கு ஊர் ஒத்துக்கொள்ளும் ஒரு காரணம் வேண்டும். பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த கடலை விற்கும் தள்ளுவண்டி போடச் சொன்னார் அய்யா. நான் மஃப்டியில் போய்க் கடலை வாங்க வேண்டும். பொட்டலத்தோடு சேதியும் வர வேண்டும்.

முதல் நாள் சாதாரணப் புடவையில், கூடையை மாட்டிக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் ஏழுமலை வண்டியை விட்டு வெளியே வந்து, விறைப்பாக நின்று, ஒரு சல்யூட் அடித்தான். போளூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கைய இறக்குடா" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"மரியாத மேடம்."

அவன் முதல் வாரம் கொண்டுவந்த தகவல்கள் இவை. டைலர் ஒருவருக்குப் போளூரில் இன்னொரு குடும்பம் இருக்கிறது. மெஸ்காரர் நேற்றைய சாம்பாரைச் சுடவைத்து இன்று ஊற்றுகிறார். நம் ஸ்டேஷன் ஜீப் டிரைவர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டுக் காசு கொடுப்பதில்லை.

"திருட்டுச் சேதி எதுவும் இல்லியா?" என்று கேட்டேன்.

"டிரைவர் பண்றது இன்னா மேடம், தானமா?"

அய்யாவிடம் சொன்னேன். அவர் டிரைவரைக் கூப்பிட்டு, வாங்க, உக்காருங்க என்றார். மறுநாள் முதல் டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்.

வீட்டில் தினமும் கடலை. கடலைக் குழம்பு, கடலைச் சட்னி, கடலைச் சுண்டல். "உன் டிபார்ட்மென்ட்ல துப்புக் குடுக்கறவன் ஒருத்தன்கூட கறிக்கடை வெக்கலியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டார்.

ரகசியத்தின் கதி அதைவிட மோசம். ஒருநாள் மார்க்கெட்டில் ஒரு பெண் வழிமறித்தாள். ஏழுமலையின் மனைவி சாந்தி.

"அக்கா, எங்க வூட்டுக்காருக்கு எப்பக்கா யூனிபாரம் குடுப்பீங்க?"

"எந்த யூனிபாரம்?"

"போலீஸ்ல சேந்துகீறேன், இப்ப டிரெயினிங்ல கீறேன்னு சொன்னாரே. எங்கம்மா கேக்குது, போலீஸ்னா தொப்பி எங்கன்னு."

ஏழுமலை வீட்டில் சொல்லியிருந்தான். பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தான். யாரிடமும் சொல்லக் கூடாது என்ற எச்சரிக்கையோடு பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லியிருந்தான். இனி எந்தத் திருடன் இவன் எதிரில் வாயைத் திறப்பான்? வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டுதான் அய்யாவிடம் போனேன். "கொஞ்சம் பொறு" என்றார்.

நடந்தது நான் எதிர்பார்க்காதது. ஸ்டேஷனுக்கு வரப் பயந்தவர்கள் கடலை வாங்க வர ஆரம்பித்தார்கள். ஒரு கிழவர் வந்து, எங்க தெரு முனையில பசங்க உக்காந்துகினு குடிக்கறாங்க, பொம்பளப் புள்ளைங்க நடக்க முடியல என்று வண்டிக்குச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போவார். நூல் சுற்றப் போகும் ஒரு பெண், எங்க வூட்டுக்காரன் நேத்தும் அடிச்சான் என்று கடலையைப் பார்த்துச் சொல்வாள். ஏழுமலை யாரையும் கேள்வி கேட்கமாட்டான்; ஒரு பிடி கூடுதலாக அள்ளிப் போடுவான். அன்று சாயங்காலமே அந்தத் தெருவில் எங்கள் ஜீப் நிற்கும். வெளியூர்ப் பிக்பாக்கெட்காரர்கள் அவன் சல்யூட்டைத் தூரத்தில் பார்த்தே அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். உளவு சொல்லத் தெரியாத உளவாளியால் ஊர் அமைதியாகிவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் தனபாலுடைய வழக்கு வந்தது.

தனபால் கைத்தறி நெசவாளி. ஒரு பட்டு முதலாளியிடம் நூலும் ஜரிகையும் வாங்கி, வீட்டுத் தறியில் நெய்து கொடுப்பவர். சென்னைக் குடும்பம் ஒன்றின் கல்யாணத்துக்காக மூன்று சேலைகள். மணப்பெண்ணின் முகூர்த்தச் சேலை அரக்கு நிறம். அதன் முந்தானையில் 'நிவேதா', 'கௌதம்' என்று பெண், மாப்பிள்ளை பெயர்களை ஜரிகையிலேயே நெய்து, நடுவில் ஒரு ஜரிகை இதயமும் வைத்திருந்தார். இப்போது அது பெரிய நாகரிகம். மூன்றையும் மடித்து, மறுநாள் முதலாளியிடம் கொடுப்பதற்காக வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் இருந்த உறவினரைப் பார்க்கக் கணவனும் மனைவியும் மதியம் போயிருக்கிறார்கள். சாவி வழக்கம்போல நிலைப்படி மேல். திரும்பி வந்தால் கதவு பூட்டியபடியே இருக்கிறது, சேலைகள் இல்லை.

"பூட்டு ஒடையல. சாவி இவர் வூட்டு சாவி. வேற யாரு சார் எடுத்திருப்பாங்க? வித்துட்டு நாடகம் ஆடறாரு" என்று முதலாளி தனபாலின் பெயரையே எழுதிப் புகார் கொடுத்தார். முகூர்த்தமும் நெருங்கிக்கொண்டிருந்தது. முதலாளி மாவட்ட அதிகாரிகள்வரை போய்ச் சொல்லிவிட்டார். இன்னும் ஏன் கைது செய்யவில்லை என்று எங்களுக்குத் தினமும் போன்.

தனபாலைத் தினமும் வரச் சொல்லி விசாரித்தோம். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். எதையும் மறுத்துப் பேசமாட்டார், அழமாட்டார். ஆனால் அவர் கால்கள் இரண்டும் சும்மா இருக்காது. தறியின் மிதியை மிதிப்பதுபோல் தரையில் வலது, இடது என்று மாறி மாறி அழுத்திக்கொண்டே இருக்கும். அவருக்கே அது தெரியாது.

"இவரா எடுத்திருப்பாரு?" என்றார் அய்யா என்னிடம். "எடுத்தவன் கால் இப்படித் தறி மிதிக்காது. ஓடறதுக்குத்தான் பாக்கும்."

ஏழுமலையிடம் எல்லா விவரமும் சொல்லி விசாரிக்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, படி ஏறக் கூடாது என்ற விதியை மறந்து, அய்யாவுக்குக் கடலை கொடுக்கிறேன் என்று அவனே ஸ்டேஷனுக்கு வந்தான். பெஞ்சைத் தாண்டும்போது நின்றான். தனபாலின் கால்களைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் கடலை வண்டி இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. மிஸ்டு கால் கொடுத்தே என் போனைக் கெடுத்தவன், என் அழைப்பை எடுக்கவில்லை! ஏதோ தெரிந்துகொண்டு ஒளிகிறான் என்பது புரிந்தது. தேடிப் போகலாம் என்று நான் கிளம்பிய அன்று, அவனே சாந்தியோடு என் வீட்டுக்கு வந்தான். கையில் தட்டு, வெற்றிலை பாக்கு, மஞ்சள் தடவிய பத்திரிகை. மகளுக்குக் காதுகுத்து, போளூர் போகும் வழியில் இருக்கும் அவர்களுடைய குலதெய்வக் கோயிலில்.

"ஏன் வண்டி போடல?" என்று கேட்டேன்.

"காதுகுத்து வேல மேடம்" என்றான், பத்திரிகையைப் பார்த்துக்கொண்டே. அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. பேசியதெல்லாம் சாந்திதான்.

"கண்டிப்பா வரணும்க்கா. இன்ஸ்பெக்டர் அய்யாவையும் கூப்டுகினு வாங்க. பந்தி நேரத்துக்கு வந்து ஜல்தியா சாப்ட்டுப் போய்டாதீங்க. சீர் வர்றப்பவே வந்துடணும். எந்தம்பி, தாய்மாமன் சீர் எம்மாம் பெரிசா எடுத்தாறான் பாருங்க."

அய்யாவிடம் பத்திரிகையைக் கொடுத்து, அவன் எதையும் சொல்லவில்லை என்றேன். அவர் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊர்ல எல்லாரையும் பத்திச் சொல்றவன் வாய மூடிகினா, யாரைப் பத்தி மூடுவான் மல்லிகா?"

"சொந்தக்காரங்களப் பத்தி சார்."

"மொய் எழுதப் போலாம்" என்றார்.

அய்யா வெள்ளைச் சட்டையில் வந்தார். நான் சாந்திக்குக் கொடுப்பதற்காக ஒரு பூனம் சேலை வாங்கிப் போயிருந்தேன். கோயில் முன்னால் வேப்ப மரத்தடியில் பந்தல். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை, என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல் பலூனைக் கடித்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் ஏழுமலை பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். சல்யூட் அடிக்கவில்லை.

பம்பைச் சத்தத்தோடு சீர் வந்தது. முன்னால் சாந்தியின் தம்பி குமார், புதுச் சட்டை, கூலிங்கிளாஸ். பின்னால் தட்டுத் தட்டாகப் பழம், இனிப்பு, வளையல். ஒரு தட்டில் இரண்டு பட்டுச்சேலை. எல்லாருக்கும் நடுவில் முனியம்மா. தலை நிறையப் பூ, நெற்றியில் விபூதி, உடம்பில் அரக்குப் பட்டு. ஜரிகை வெயிலில் பளபளத்தது. எங்களைத் தாண்டிப் போனபோது அவர் முதுகைப் பார்த்தோம். முந்தானையை நன்றாக விரித்து, தோளில் பின் குத்தியிருந்தார். முதுகின் ஒரு பக்கம் 'நிவேதா'. மறுபக்கம் 'கௌதம்'. நடுவில் இதயம்.

அய்யா கையிலிருந்த கடலையை உடைக்கவில்லை.

"மல்லிகா, அந்தம்மா பேரு நிவேதாவா?"

"முனியம்மாங்க சார்."

"வீட்டுக்காரர் பேரு கௌதமா?"

"அவர் காலமாயிட்டாரு சார். பேரு கண்ணாயிரம்."

"ம்."

பெயர் நெய்த சேலையை எந்தக் கடைக்காரனும் வாங்கமாட்டான். முதலாளிகள் ஊருக்கு ஊர் சொல்லி வைத்ததில் மற்ற இரண்டையும் விற்க முடியவில்லை. குமாருக்கு அது புரிந்தபோது காதுகுத்து வந்துவிட்டது. விற்க முடியாத பொருள் சீராகிவிட்டது.

"இப்பவே புடிச்சிடலாமா சார்?" என்றேன்.

"குழந்தை மாமன் மடியிலதான் உக்காரணும். இவன இப்பத் தூக்கிட்டா அந்தப் பொண்ணு யார் மடியில உக்காரும்? காது குத்தி முடியட்டும். பந்தியும் முடியட்டும். ஆனா அதுவரைக்கும் அந்தச் சேலைக்கு நீதான் காவல்."

குமார் மடியில் குழந்தையை வைத்தார்கள். ஆசாரி முதல் காதைக் குத்தியதும் குழந்தை வீறிட்டது. குழந்தையைவிடக் குமார்தான் அதிகம் அழுதான். கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டு, "குத்தாதீங்க, போதும் குத்தாதீங்க" என்றான். அக்கா மகள்மேல் அவனுக்கு அத்தனை உயிர்.

பந்தியில்தான் எனக்குச் சோதனை. முனியம்மா உட்காரமாட்டேன் என்றார். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு தானே பரிமாற வந்துவிட்டார், இட்லிக்கடைப் பழக்கம். சென்னைக் கல்யாணத்தின் முகூர்த்தச் சேலைமேல் சாம்பார் வாளி! ஓடிப்போய், "நீங்க உக்காருங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று வாளியைப் பிடுங்கினேன். ரசம் எடுத்தார், ரசத்தைப் பிடுங்கினேன். பாயசத்தையும் பிடுங்கினேன். "போலீஸ்காரம்மா எம்மாம் தங்கமான மனுசி பாரு" என்று ஒரு வரிசை முழுக்கப் பாராட்டியது. கடைசியில் சமையல்காரர் திரும்பும்போது அவர் கரண்டியிலிருந்து ஒரு சொட்டு சாம்பார், சரியாகக் கௌதம்மேல் விழுந்தது.

கை கழுவியதும் அய்யா குமாரின் தோளில் கை போட்டு மரத்தடிக்குக் கூட்டிப்போனார். கடலையை நீட்டினார்.

"சீர் பிரமாதம் தம்பி. சேலையெல்லாம் எங்க எடுத்தீங்க?"

"காஞ்சிபுரத்துல சார்."

"அப்புறம்?"

குமார் ஒருகாலத்தில் தனபால் தெருவில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவன். சாவி எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். மூன்றாவது அப்புறத்தில் எல்லாம் வந்துவிட்டது.

நான் முனியம்மாவைச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப்போனேன்.

"அம்மா, இந்தச் சேலைய மாத்திக்கணும்."

"ஏம்மா? எனக்கு நல்லா இல்லியா?"

"ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இது வேற ஒரு பொண்ணோட கல்யாணச் சேலை. முந்தானையில பேரு போட்டிருக்கு."

"அது டிசைனுன்னு சொன்னானே" என்றார்.

சாந்திக்கு நான் வாங்கி வந்திருந்த பூனம் சேலையைக் கொடுத்தேன், மாற்றிக்கொண்டார். பட்டைத் தரையில் படவிடாமல், பழைய மடிப்பு எங்கே இருந்ததோ அதே மடிப்பில் மடித்துக் கையில் கொடுத்தார். "என் கல்யாணத்துக்கே நூல் பொடவதான். இன்னைக்குத்தான் பட்டு கட்னேன்" என்றார்.

நேராக மரத்தடிக்குப் போனார். போகும் வழியில் சாம்பார்க் கரண்டியை எடுத்துக்கொண்டார். இரண்டு போலீஸ்காரர்கள் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

"பட்டு கட்டாம செத்துப்பூடுவேன்னு உங்கிட்ட அழுதேனாடா? அழுதேனா?"

வழக்கமாக நாங்கள்தான் மக்களிடமிருந்து குற்றவாளியைக் காப்பாற்ற வேண்டும். அன்று தாயிடமிருந்து காப்பாற்றினோம். சேலையைக் கைப்பற்றியதற்கான மகஜரில் காது குத்திய ஆசாரியும் சமையல்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். 'அரக்கு நிறப் பட்டுச்சேலை ஒன்று, கௌதம் என்ற எழுத்தின் மேல் சாம்பார்க் கறையுடன்' என்று நானே எழுதினேன்.

மறுநாள் தனபாலிடம் சொன்னோம். அவர் கால்கள் நின்றன. "கறை போய்டும்ங்க, நான் எடுத்துக் குடுக்கறேன்" என்றார். முதலாளி மனுப் போட்டுக் கோர்ட்டிலிருந்து சேலையை வாங்கி, முகூர்த்தத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். தனபாலிடம் வந்து, தப்பா நெனச்சிட்டேன் என்றும் சொன்னார். குமார் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சில மாதங்கள் வேலூரில் இருந்தான்.

சொந்தபந்தம் சும்மா விடுமா? போலீசுக்குத் துப்புச் சொன்னது மருமகன்தான் என்று பேச்சு எழுந்தது. முனியம்மா கற்பூரத்தை ஏற்றி வைத்து, அடிச்சி சத்தியம் பண்ணு என்றாராம். ஏழுமலை கொஞ்சம்கூடத் தயங்காமல் அடித்தானாம்: "குமாரப் பத்தி நான் ஒரு வார்த்த சொல்லல. பத்திரிகைதான் வெச்சேன்." அவன் வாழ்நாளில் பண்ணிய முதல் உண்மையான சத்தியம் அதுவாகத்தான் இருக்கும்.

பத்திரத்தின் கெடு முடிந்த அன்று ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நானும் போயிருந்தேன். இனி கட்டுப்பாடு இல்லை, நீ போகலாம் என்று அங்கிருந்த எழுத்தர் சொன்னதும் ஏழுமலை முகம் வாடிவிட்டது.

"இன்னொரு வருசத்துக்குப் போட்டுக் குடுங்க சார்."

"ஒழுங்கா இருக்கறதுக்கு எதுக்குப்பா பத்திரம்?"

"பத்திரம் கீதுன்னு சொல்லித்தான் சார் பழைய கூட்டாளிங்கள வெரட்டிகினு கீறேன். இல்லன்னா பேஜாரு புடிச்சவனுங்க வூட்டாண்ட வந்துடுவானுங்க."

அவனும் எழுத்தரும் வாதாடிக்கொண்டிருந்தபோது, வெளியே படிக்கட்டில் சாந்தி பக்கத்தில் உட்கார்ந்தேன். இவ்வளவு நாள் மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன். "உன் வீட்டுக்காரனுக்கு நல்ல மூளைதான் சாந்தி. வாயத் திறக்காமலே பத்திரிகை வெச்சு வழக்கை முடிச்சிட்டான்."

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"அவருக்கா? அவருக்கு ஏறத் தெரியும், எறங்கத் தெரியாது. அவர் எறங்கறதுக்கு நாந்தான் ஏணி போடணும். எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுக்கா. எனக்குத் தெரியும். காதுகுத்துக்கு முன்னாடியே பொடவையக் கொண்டாந்து காட்னாங்க. இவரு ஸ்டேஷன் கதையெல்லாம் வூட்ல வந்து ஒப்பிக்கற ஆளாச்சே, நிவேதா கௌதம்னு பாத்ததுமே தெரிஞ்சிடுச்சி. இவர்கிட்ட காட்டுனேன். ஒரு மனுசன் பெஞ்சில உக்காந்துகினு கால மிதிச்சிகினு கீறான் சாந்தின்னு ரெண்டு நாளா சோறு துன்னல. சொன்னா எங்கம்மா இவர வூட்ல சேக்காது. சொல்லாம மறச்சா, பத்திரத்துக்கு இவரு உள்ள போவணும். அதான், நீ வாயத் தொறக்காத, வா, பத்திரிகை வெக்கலாம்னு கூப்டுகினு வந்தேன்."

"உன் தம்பி ஆச்சே சாந்தி."

"அதனாலதான்க்கா மாமன் மடியில காது குத்தி முடிக்கறவரைக்கும் நீங்க காத்திருப்பீங்கன்னு நம்புனேன்."

ஒருவேளை நாங்கள் காத்திருக்காமல் இருந்திருந்தால் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் உள்ளே எழுத்தர், "இல்லாத சட்டத்தை நான் எங்கயா போய்க் கொண்டுவர்றது?" என்று கத்துவது கேட்டது.

சாந்தி தான் கட்டியிருந்த புதுச் சேலையின் முந்தானையை எடுத்து என் மடியில் விரித்தாள். சாதாரணக் காட்டன் வாயில் சேலை. ஓரத்தில் ஒரு ஊக்கு, அதில் ஒரு சின்னக் காகிதம்.

"எந்தம்பி வெளிய வந்ததும் கம்பெனி வேலைக்குப் போறான்க்கா. தீபாவளிக்கு அவன்தான் எடுத்துக் குடுத்தான். கடை பில்ல முந்தானையிலயே குத்திக் குடுத்தான். நான் இன்னும் எடுக்கல" என்றாள்.